மேல் சுரங்கள் வராத பெட்டி

நாமக்கல்
4 ஜூன் 2023

மதிப்பிற்குரிய மருதாசலம் அண்ணாவுக்கு,

சென்னியம்மாள் எழுதுகிறேன். நீங்களும் அத்தாயி அண்ணியும் சுகம்தானே? என் வீட்டுக்காரர் காலமாகி மூன்று ஆண்டு ஆகப்போகிறது. காரியத்துக்கு வந்துபோன பிறகு நீங்கள் பலமுறை போன் செய்தீர்கள். நான் எடுக்கவில்லை. உங்கள்மேல் கோபம் ஒன்றும் இல்லை. இப்போதெல்லாம் போனில் யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை. பாதிச் சொல்லைத் தின்றுவிட்டு மீதியைத் துப்புகிறார்கள். எழுத்தில் முணுமுணுக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். நீங்களும் எழுதியே பதில் சொல்லுங்கள்.

விஷயம் இதுதான். சி.டி. பிளேயர் செத்துவிட்டது. தட்டை உள்ளே வாங்கிக்கொள்கிறது, சுற்றுகிறது, கடைசியில் தட்டே இல்லை என்று காட்டுகிறது. லென்ஸ் போய்விட்டது, இனி கிடைக்காது என்று இங்குள்ள மெக்கானிக் கைவிரித்துவிட்டார். ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும் நீங்களும் அவரும் பம்பாய் போய் லாரியில் ஏற்றி வந்தவைதான். அவை நன்றாக இருக்கின்றன. அலமாரி நிறையப் பியானோத் தட்டுகள் இருக்கின்றன. பாட வைக்கப் பெட்டி இல்லை.

அவருக்கு அந்த இசை புரிந்ததில்லை என்பது உங்களுக்கும் தெரியும். லாரிக்கு பாடி கட்டுகிறவருக்கு ஏற்காட்டுக் கான்வென்டில் மதர் எனக்குச் சொல்லிக்கொடுத்த பியானோ எதற்கு? ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் சுத்தியல் ஓய்ந்ததும் அவரே தட்டைப் போடுவார். நீங்கள் வருவீர்கள். மூவரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். எனக்கு இப்போது மிச்சம் இருப்பது அந்த ஞாயிறு மாலை ஒன்றுதான். அதுவும் போனால் இந்த வீட்டில் கோழி லாரிகளின் உறுமலைத் தவிர வேறொன்றும் இல்லை.

இப்போது என்ன வாங்கலாம்? வரவு பட்டறை வாடகை மட்டும்தான் என்பதை மனதில் வைத்துச் சொல்லுங்கள். கடைக்காரர்களை நான் நம்புவதில்லை. ஒலி விஷயத்தில் அவர் நம்பியது உங்கள் காதை மட்டும்தான். நானும் அப்படியே.

அன்புள்ள தங்கை,
சென்னியம்மாள்


கொண்டப்பநாயக்கன்பட்டி
12 ஜூன் 2023

அன்புத் தங்கச்சிக்கு,

உங்கள் கையெழுத்தைக் கண்டதும் அத்தாயி, "இங்கிலீசு மேடம் எழுதியிருக்குது, கையக் கழுவிட்டு வந்து பிரிங்க" என்றாள். கழுவிவிட்டுத்தான் பிரித்தேன். வெள்ளியங்கிரி இருந்தால் சிரித்திருப்பான்.

டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்தவனைப் போனில் பேசாதே என்கிறீர்கள். சரி, உத்தரவு.

இனி பெட்டிக்கு வருவோம். தட்டில் இருப்பது வெறும் எண்கள். அந்த எண்களைப் படிப்பது ஒரு வேலை, படித்ததை ஒலியாக மாற்றுவது இன்னொரு வேலை. பழைய பிளேயரில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் நடந்தன. இப்போது பிரித்து வாங்கலாம், அதுதான் மலிவு. படிப்பதற்கு உங்கள் டி.வி.க்கு அடியில் தூங்கும் டி.வி.டி. பிளேயரே போதும். பின்னால் டிஜிட்டல் அவுட் என்று ஒரு துளை இருக்கிறதா பாருங்கள். ஒலியாக மாற்றுவதற்கு டேக் என்று ஒரு சின்னப் பெட்டி வருகிறது, சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். சேலத்தில் பூபதி என்பவர் கடையில் கிடைக்கும். விலை கூடினால் ஒலி கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இப்போது வரும் சாதாரண டேக்கே அன்று பம்பாயில் நாங்கள் வாயைப் பிளந்து பார்த்த பெட்டிகளை விடச் சுத்தமாக ஒலிக்கும்.

ஸ்ட்ரீமர் என்றும் ஒன்று உண்டு. அதற்குத் தட்டே வேண்டாம், இணையத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு வைஃபை வேண்டும், மாதா மாதம் கட்டணம் வேண்டும், போனைத் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். உங்களுக்கு அந்தப் பொறுமை இருக்காது, மன்னிக்கணும். அலமாரித் தட்டுகளை அநாதையாக்கவும் வேண்டாம்.

மழை இன்னும் இறங்கவில்லை. மலை மட்டும் கறுத்து நிற்கிறது.

உங்கள் அண்ணன்,
மருதாசலம்


நாமக்கல்
9 ஜூலை 2023

அண்ணாவுக்கு,

டேக் வந்தது. பூபதி கடை ஆளே வந்து மாட்டிக் கொடுத்தான். வேலை சுத்தம். செருப்பை வாசலில் விடத்தான் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால் பெட்டி சரியில்லை. கீழ்ச் சுரங்கள் கம்பீரமாக வருகின்றன. நடுவும் குறை சொல்ல முடியாது. மேலே போகப் போக ஒலி தேய்ந்து, கடைசி எட்டுச் சுரங்கள் அறவே வருவதில்லை. இது என் கற்பனை இல்லை. மதர் கொடுத்த இசைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு விரலால் வரியைத் தொடர்ந்து பார்த்தேன். மூன்றாம் பகுதியில் வலது கை மேலே ஏறி உச்சிக்குப் போகும் இடத்தில், அச்சில் சுரம் இருக்கிறது, அறையில் இல்லை. பியானோக்காரர் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது போல ஓர் இடைவெளி. பிறகு கை கீழே இறங்கியதும் திரும்பக் கேட்கிறது.

இந்தக் குறையோடு விற்க இவர்களுக்கு எப்படித்தான் மனம் வருகிறதோ. என்ன செய்யலாம் என்று எழுதுங்கள்.

சென்னியம்மாள்


கொண்டப்பநாயக்கன்பட்டி
17 ஜூலை 2023

அன்புத் தங்கச்சிக்கு,

படித்துவிட்டு யோசித்தேன். டேக் இப்படிக் குறை வைப்பது அபூர்வம். வேலை செய்தால் முழுதாகச் செய்யும், இல்லாவிட்டால் ஊமையாகும். ஸ்பீக்கரில் மேலே இருக்கும் சின்ன ட்வீட்டரில்தான் சந்தேகம். பாட்டு ஓடும்போது சமையலுக்கு வரும் பொன்னாத்தாளைக் கூப்பிட்டு, அந்தச் சின்ன வட்டத்தில் காதை வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். கீச்சென்று ஏதாவது வந்தால் அது உயிரோடு இருக்கிறது.

இன்னொன்று. கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் வருஷம் ஒருமுறை டாக்டரிடம் போய்க் காதிலிருந்து அழுக்கை எடுத்துவிட்டு வருகிறேன். போன தடவை எடுத்ததைப் பார்த்து அத்தாயி, "இத்தன நாளும் நான் பேசினதெல்லாம் இதுலதான் மாட்டிக்கிட்டு இருந்துதாக்கும்" என்றாள். நம் வயசில் இதெல்லாம் உண்டு.

மருதாசலம்


நாமக்கல்
20 ஆகஸ்ட் 2023

அண்ணாவுக்கு,

நீங்கள் சொன்னதை எல்லாம் வரிசையாகச் செய்தேன், ஒன்றைத் தவிர. இசையைப் பற்றிச் சமையல்காரியிடம் தீர்ப்புக் கேட்கும் நிலைக்கு நான் வரவில்லை. பொன்னாத்தாள் நல்லவள். ஆனால் அவளுக்கு இசை என்பது குக்கர் விசில். அவளைக் கேட்பதற்குப் பதிலாக மெக்கானிக்கை வரவழைத்து ட்வீட்டர் இரண்டையும் புதிதாகவே மாற்றிவிட்டேன். கேபிளையும் மாற்றினேன். குறை அப்படியே இருக்கிறது. பிறகு பூபதி கடையில் அந்த டேக்கைக் கொடுத்துவிட்டு வேறு கம்பெனி டேக் வாங்கினேன். அதிலும் அதே இடத்தில் அதே இடைவெளி.

காது டாக்டரையும் பார்த்தேன், நீங்கள் சொன்னதற்காக. விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு அழுக்கே இல்லை என்றார். ஏதோ கண்ணாடி அறையில் உட்கார வைத்துச் சோதிக்க வேண்டும் என்றார். அழுக்கு இல்லை என்றான பிறகு சோதனை எதற்கு? எழுந்து வந்துவிட்டேன். என் காது சுத்தம் அண்ணா.

அண்ணா, இது எனக்கு விளையாட்டு இல்லை. பகல் முழுவதும் நான் யாரோடும் பேசுவதில்லை. பேசுகிறவர்கள் பேச்சும் தெளிவாக இல்லை. அந்தத் தட்டுகளில் மட்டும்தான் ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரிந்த சொல்லாக இருந்தது. அதிலும் ஓட்டை விழுந்தால் நான் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பது?

ஒரு ஞாயிறு வாருங்கள். நீங்கள் கேளுங்கள். உங்களுக்கும் வரவில்லை என்றால் குறை பெட்டியில். வருகிறது என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். நான் கண்ணாடி அறைக்குப் போகிறேன். உங்கள் சொல்தான் எனக்குத் தீர்ப்பு.

உங்கள் தங்கை,
சென்னியம்மாள்


கொண்டப்பநாயக்கன்பட்டி
5 செப்டம்பர் 2023

அன்புத் தங்கச்சிக்கு,

ஞாயிற்றுக்கிழமை பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். பொன்னாத்தாளின் பணியாரத்தை அத்தாயி பாதி வழியிலேயே மணத்தால் கண்டுபிடித்திருப்பாள், அவ்வளவு வாசம்.

அன்று நேரில் சொன்னதையே எழுத்திலும் கேட்டீர்கள். எழுதுகிறேன். மூன்றாம் பகுதியில் நீங்கள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் மேல் சுரங்கள் எனக்கும் சரியாக வரவில்லை. டேக்கில்தான் ஏதோ கோளாறு போல. இப்போதைக்கு அதை அப்படியே விட்டுவிடுங்கள். கீழும் நடுவும்தான் இவ்வளவு நன்றாக இருக்கிறதே. அதைக் கேட்டுக்கொண்டிருங்கள். மெதுவாக வேறு பார்ப்போம்.

மருதாசலம்


நாமக்கல்
11 செப்டம்பர் 2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இந்த மூன்று ஆண்டில் எனக்கு வந்த நல்ல செய்தி இது ஒன்றுதான். நான் எவ்வளவு பயந்துபோயிருந்தேன் என்று இப்போது சொல்வதில் வெட்கமில்லை. அன்று நீங்கள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, தலையை ஆட்டி, "வரலீங் அம்மிணி" என்றபோது எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. இரவு நன்றாகத் தூங்கினேன்.

"அப்படியே விட்டுவிடுங்கள்" என்றீர்கள். அது என்னால் ஆகாது. குறையுள்ள பொருளை இரண்டு முறை விற்றிருக்கிறார்கள். பூபதிக்குப் பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன், ஒலித்துறையில் நீண்ட அனுபவம் உள்ளவரும் நேரில் கேட்டு உறுதி செய்திருக்கிறார் என்று. உங்கள் பெயரையும் குறிப்பிட்டிருக்கிறேன். சரியான பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றம் போவதாகவும் எழுதியிருக்கிறேன். தேவைப்பட்டால் நீங்கள் வந்து சாட்சி சொல்ல வேண்டும். மறுக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

அண்ணியிடம் சொல்லுங்கள், இனி மாதம் ஒரு ஞாயிறு பணியாரம் என் பொறுப்பு.

உங்கள் தங்கை,
சென்னியம்மாள்


கொண்டப்பநாயக்கன்பட்டி
14 செப்டம்பர் 2023

தங்கச்சிக்கு,

அவசரமாக எழுதுகிறேன். பூபதிக்கு எழுதியதைத் தயவுசெய்து வாபஸ் வாங்குங்கள். சின்ன விஷயம், கோர்ட்டு வரைக்கும் வேண்டாம். அவர் பிள்ளைகுட்டிக்காரர். பெட்டியை நானே எடுத்துக்கொண்டு வேறு வாங்கித் தருகிறேன். நேரில் வந்து பேசுகிறேன், அதுவரை பொறுங்கள்.

மருதாசலம்


நாமக்கல்
25 செப்டம்பர் 2023

திரு. மருதாசலம் அவர்களுக்கு,

நீங்கள் வந்து பேசும்வரை பூபதி பொறுக்கவில்லை. சனிக்கிழமை காலை அவரே காரில் வந்து இறங்கினார். என் கடிதத்தைக் கையிலேயே வைத்திருந்தார். கோபமாகத்தான் வந்தார். நான் பார்க்க வாயைப் பெரிதாகத் திறந்து பேசியதால் அவர் சொன்னது எல்லாம் எனக்குப் புரிந்தது.

"ஏனுங்கம்மா, நான் என்ன ஏமாத்திப் பொழைக்கறவனா? ஊர் பூரா என் பேரக் கெடுத்துப்போட்டா நான் எங்கீங்க போறது?" என்றார்.

"குறையை நிரூபிக்கிறேன், உட்காருங்கள்" என்றேன்.

தட்டைப் போட்டேன். புத்தகத்தைப் பிரித்து, அந்த இடத்தில் விரலை வைத்தேன். அவர் ஒரு சின்ன மைக்கைப் போனில் செருகி ஸ்பீக்கர் முன்னால் நிறுத்தினார். போன் திரையில் கோடுகள் எழும்பி எழும்பி விழுந்தன. இடது பக்கம் இருப்பவை கீழ்ச் சுரங்கள், வலது பக்கம் இருப்பவை மேல் சுரங்கள் என்று விளக்கினார். என் விரல் உச்சிக்குப் போனது. அறை அமைதியாக இருந்தது. திரையில் வலது ஓரத்தில் கோடுகள் உச்சி வரை ஏறி நின்றன.

"பாத்தீங்களா? சும்மா அள்ளுதுங்கம்மா" என்றார்.

நான் எதையும் பார்க்கவில்லை என்பது போலத் திரும்பி, காபி கொண்டுவந்த பொன்னாத்தாளைக் கேட்டேன். ஆமாம், பொன்னாத்தாளைத்தான் கேட்டேன். "இப்ப ஏதாவது கேக்குதா உனக்கு?"

"கேக்குதுங்களே அம்மா. கண்ணாடி வளவிய ஒண்ணொண்ணா கீழ போட்டாப்பல" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரொம்ப மெதுவாத்தான் கேக்குதுங்க" என்று சேர்த்தாள். பாவம், அவளும் தெரிந்துகொண்டாள்.

பூபதிக்கும் அப்போதுதான் விளங்கியது. கோபம் போய்விட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "போச்சாது போங்கம்மா, நான் ஒண்ணும் நெனச்சுக்கல" என்றார். மைக்கைக் கழற்றும்போது தட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை. அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்டேன். என் எழுபத்தைந்து வயதில் ஒரு கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டது இதுவே முதல் தடவை.

உங்களிடம் ஒரே கேள்வி. அன்று உங்களுக்குக் கேட்டதா?

சென்னியம்மாள்


கொண்டப்பநாயக்கன்பட்டி
30 செப்டம்பர் 2023

அன்புத் தங்கச்சிக்கு,

கேட்டது. எல்லாமே கேட்டது. இவ்வளவு சுத்தமாக அந்த ஸ்பீக்கரில் நான் கேட்டதே இல்லை.

நீங்கள் விரலை அச்சில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தீர்கள். கேட்கிறது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வெள்ளியங்கிரி நாற்காலி காலியாகக் கிடந்தது. "வரலீங் அம்மிணி" என்று வாய் சொல்லிவிட்டது. உங்கள் முகம் தெளிந்ததைப் பார்த்தபோது செய்தது சரி என்றுதான் நினைத்தேன். பஸ் ராசிபுரம் தாண்டும்வரை அப்படித்தான் நினைத்தேன். நீங்கள் கடைக்கு எழுதுவீர்கள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். உங்களை அறிந்தவன்தானே நான்.

காதுக்கு இப்போது நல்ல மெஷின்கள் வருகின்றன. சேலத்தில் தெரிந்த டாக்டர் இருக்கிறார். நானே கூட்டிப்போகிறேன். அக்டோபர் எட்டு, ஞாயிறு, வருகிறேன்.

உங்கள் அண்ணன்,
மருதாசலம்


கொண்டப்பநாயக்கன்பட்டி
9 அக்டோபர் 2023

அன்புத் தங்கச்சிக்கு,

நேற்று வந்தேன். கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது. அழைப்பு மணியை அழுத்தினேன். உள்ளே அது அடிப்பது தெருவரைக்கும் எனக்குக் கேட்டது. மாடி ஜன்னல் திறந்திருந்தது. பொன்னாத்தாளும் வரவில்லை போல. விட்டு விட்டு அழுத்திக்கொண்டே நின்றேன். எதிர்ப் பட்டறைக்காரர், "உள்ளதானுங்க இருக்கறாங்க, காலைல பூப்பறிச்சாங்க" என்றார். வெயில் இறங்கும்வரை நின்றுவிட்டுக் கிளம்பினேன்.

மணி உங்களுக்குக் கேட்கவில்லையா, கேட்டும் திறக்கவில்லையா? அது மட்டும் தெரிந்தால் போதும். அத்தாயி, "பேசாம இருங்க, அதுவா எழுதும்" என்கிறாள். இருக்க முடியவில்லை.

மருதாசலம்


நாமக்கல்
2 நவம்பர் 2023

திரு. மருதாசலம் அவர்களுக்கு,

உங்கள் கேள்விக்கு முதலில் பதில். மணி எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் திறந்திருக்க மாட்டேன். இரண்டுமே உண்மை. எது உங்களுக்கு ஆறுதலோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளும் பழக்கம் உங்களுக்கு உண்டு. இந்த முறை இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி அறைக்குத் தனியாகவே போய் வந்தேன். மேல் பாதி போய்விட்டது, திரும்ப வராது. இத்தனை ஆண்டு எங்கே குடியிருந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். பட்டறைக்குப் பின்வீட்டில் என்றேன். எழுதிக்கொண்டார். மெஷின் வைத்தால் பேச்சு ஓரளவு தெளியும் என்றார். பியானோ என்று கேட்டேன். தகரத்தைத் தட்டுவது போல இருக்கும், பழகிக்கொள்ளலாம் என்றார். நான் பழகிக்கொள்ளப்போவதில்லை. தட்டுகளை ஏற்காட்டுக் கான்வென்டுக்கு அனுப்பிவிட்டேன். டேக்கைப் பூபதியே எடுத்துக்கொண்டார்.

நீங்கள் இரக்கத்தில் சொன்னீர்கள் என்று தெரியும். பூபதியும் இரக்கம் காட்டினார், பொன்னாத்தாளும் காட்டினாள். அவர்கள் சொல்தான் தீர்ப்பு என்று நான் சொல்லவில்லை. உங்களிடம் சொன்னேன்.

அன்று நீங்கள் "கேட்கிறது" என்று சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன். அழுது முடித்தபின் உங்களிடம் ஒன்று கேட்க நினைத்திருந்தேன். ஞாயிறுதோறும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குக் கேட்காத இடம் வரும்போது அச்சில் விரல் வைத்துக் காட்டுவீர்களா என்று. சுரம் என் மனதில் இருக்கிறது. இப்போது ஒலிக்கிறது என்று சொல்ல ஒருவர் போதும். நீங்கள் வருவதற்கு முதல் நாளே, எதற்கும் இருக்கட்டும் என்று அதை யோசித்து வைத்திருந்தேன்.

இனி அது ஆகாது. நீங்கள் விரல் வைத்து "இப்போது வருகிறது" என்றால், என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறீர்களா, கேட்டுச் சொல்கிறீர்களா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழியும் இல்லை.

இனிமேல் எழுத வேண்டாம். வரவும் வேண்டாம். அண்ணிக்கு என் வணக்கம்.

சென்னியம்மாள் வெள்ளியங்கிரி